குழந்தை மருத்துவத்தில் பிஜி சேர்கிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வருடா வருடம் கவுன்சிலிங் முடிந்த மறுநாளே எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "சார், பீடியாட்ரிக்ஸ் கிடைச்சிருக்கு, சேரட்டுமா?" என்று தொடங்கி, "நைட் டூட்டி ரொம்பக் கஷ்டமா?" என்பது வரை போகும். சில சமயம் அவர்களுடைய அப்பா அம்மாவும் பேசுவார்கள். தமிழ்நாட்டில் ஒரு அரசு மருத்துவமனையில் பிஜி என்ற இந்த மூன்று வருட மேற்படிப்பை நானும் கடந்து வந்தவன். அதன் பிறகு பல வருடங்கள் பிஜிக்களோடு ரவுண்ட்ஸ் போனவன். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எம்.டி., டி.என்.பி., டிப்ளமோ: எதில் சேருவது?

எம்.பி.பி.எஸ். முடித்து, ஹவுஸ் சர்ஜன் வருடத்தையும் முடித்து, நீட் பிஜி எழுதிய பிறகு வருவது எம்.டி. மருத்துவக் கல்லூரிகளில் மூன்று வருடம். டி.என்.பி.யும் மூன்று வருடம்தான். அதைத் தேசியத் தேர்வு வாரியம் நடத்துகிறது, பயிற்சி பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற தனியார், டிரஸ்ட் மருத்துவமனைகளில் நடக்கும். அதே வாரியம் இரண்டு வருட டிப்ளமோவும் நடத்துகிறது. கல்லூரிகளில் முன்பு டி.சி.எச். (குழந்தை மருத்துவ டிப்ளமோ) என்று இருந்த இடங்களில் பெரும்பகுதி இப்போது எம்.டி. இடங்களாக மாறிவிட்டன. டி.என்.பி. என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். பெயருக்குப் பின்னால் எந்த எழுத்து வருகிறது என்பதைவிட, அந்த மூன்று வருடமும் எந்த வார்டில் நின்றீர்கள் என்பதுதான் பின்னால் தெரியும்.

எந்தக் கல்லூரி, எந்த ஆஸ்பத்திரி என்று எப்படி முடிவு செய்வது?

சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெயர்களை எல்லோரும் சொல்வார்கள். ரேங்க் இருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். மற்ற இடமென்றால், சீட்டை உறுதி செய்வதற்கு முன்னால் ஒருமுறை நேரில் போய் வாருங்கள். கட்டடத்தைப் பார்க்க வேண்டாம், இரண்டாம் வருட பிஜி ஒருவரை டீக்கடைக்குக் கூட்டிப்போய் மூன்று விஷயம் கேளுங்கள். ஒரு அட்மிஷன் டேயில் (புது நோயாளிகளை நம் யூனிட் சேர்த்துக்கொள்ளும் நாளில்) எத்தனை குழந்தை சேரும்? பிரசவ வார்டு அதே வளாகத்தில் இருக்கிறதா? (இல்லாவிட்டால் பிறந்த நிமிடத்துக் குழந்தையைக் கையாள உங்களுக்கு வாய்ப்பே கிடைக்காது.) மூன்றாவது கேள்விதான் முக்கியம்: ராத்திரி இரண்டு மணிக்கு போன் பண்ணினால் யார் எடுப்பார்கள், எடுத்தால் வருவார்களா? இதற்குப் பதில் சொல்லும்போது அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். தயங்கினால் அந்த இடம் வேண்டாம்.

பெரியவர்களுக்கான மருத்துவம் படித்துவிட்டோமே, டோஸைக் குறைத்துக் கொடுத்தால் போதாதா?

போதாது. எல்லாமே எடைக் கணக்கு. பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. சிரப் 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ளதாக இருந்தால் 6 மி.லி. கொடுக்க வேண்டும். 250 மி.கி. உள்ள சிரப்பென்றால் 3 மி.லி. சொட்டு மருந்து 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும், அதில் ஒன்றரை மி.லி. போதும். நீங்கள் சீட்டில் "பாராசிட்டமால் 6 மி.லி." என்று மட்டும் எழுதி அனுப்ப, கடையில் சிரப்புக்குப் பதில் சொட்டு மருந்து கொடுத்துவிட்டால், அந்த அம்மா உங்களை நம்பி 600 மி.கி. ஊற்றுவார். நான்கு மடங்கு. அதனால் மி.லி.யோடு மி.கி.யையும், சிரப்பா சொட்டா என்பதையும், எத்தனை மணிக்கு ஒருமுறை என்பதையும் எழுத வேண்டும். அந்தச் சின்ன மூடியில் 6 மி.லி. எது வரை என்று கோடு போட்டே காட்டிவிடுங்கள்.

டிரிப் கணக்கும் இப்படித்தான். ஹாலிடே, சேகர் என்ற இரண்டு மருத்துவர்கள் 1957-ல் தந்த சூத்திரத்தை இன்றும் மனப்பாடமாகச் சொல்கிறோம்: முதல் 10 கிலோவுக்கு கிலோவுக்கு 100 மி.லி., அடுத்த 10 கிலோவுக்கு 50, அதற்கு மேல் 20. 14 கிலோ குழந்தைக்கு 1,000-மும் 200-ம் சேர்ந்து நாளைக்கு 1,200 மி.லி., அதாவது மணிக்கு 50. மைக்ரோ டிரிப் செட்டில் 60 சொட்டு 1 மி.லி. ஆவதால், மணிக்கு 50 மி.லி. என்பது நிமிடத்துக்கு 50 சொட்டு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணிவிடலாம். ஆனால் மூளைக்காய்ச்சல், நிமோனியா குழந்தைக்கு இதையே அப்படியே போட்டால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். சூத்திரத்தை முதல் வாரத்தில் கற்றுக்கொள்ளலாம், எந்தக் குழந்தைக்கு அதைப் போடக்கூடாது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் மூன்று வருடம்.

முதல் மாதம் என்னதான் செய்வோம்?

எடை பார்ப்பீர்கள், ரத்தம் எடுப்பீர்கள், கேஸ் ஷீட் எழுதுவீர்கள், ரிப்போர்ட்டுக்காக லேபுக்கும் வார்டுக்கும் ஓடுவீர்கள். "இதுக்கா படிச்சோம்" என்று தோன்றும். அந்த ஓட்டத்திலும் ஒன்றை மட்டும் விடாதீர்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது வேண்டாம். சின்னக் குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது, சற்று நிற்கும், பிறகு வேகமெடுக்கும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60-ம் அதற்கு மேலும், ஒரு வயது வரை 50-ம் அதற்கு மேலும், ஐந்து வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் வேகமான மூச்சு. எண்ணும்போது சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பாருங்கள். குழந்தை அம்மா மடியிலேயே இருக்கட்டும். கட்டிலில் கிடத்தினால் அழும், அழுதால் எண்ணிக்கை போச்சு.

ஸ்டெத் வைப்பதற்கு முன்னால் தள்ளி நின்று மூன்று விஷயம் பார்க்கச் சொல்லித் தருவோம். குழந்தை நம்மைப் பார்க்கிறதா, மூச்சுக்குப் பாடுபடுகிறதா, தோலின் நிறம் எப்படி இருக்கிறது. அரை நிமிடம்கூட ஆகாது. இந்தப் பார்வை பழக ஆறு மாதம் ஆகும். பழகிவிட்டால், ஓ.பி. வரிசையில் பதினெட்டாவதாக நிற்கும் குழந்தையை முதலில் கூப்பிட்டுவிடுவீர்கள்.

வென்ஃப்ளான் (டிரிப் ஏற்ற ரத்தக்குழாயில் போடும் சின்னக் குழாய்) போடக் கை நடுங்குகிறதே?

நடுங்கட்டும், எல்லோருக்கும் நடுங்கியதுதான். கொழுகொழுவென்ற எட்டு மாதக் குழந்தையின் கையில் நரம்பு கண்ணுக்கே தெரியாது. டார்ச்சை உள்ளங்கைக்கு அடியில் பிடித்துப் பாருங்கள், சிவப்புக்குள் கறுப்புக் கோடாகத் தெரியும். கையைச் சரியாகப் பிடித்துக்கொள்ளும் சிஸ்டர் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இரண்டு முறை முயன்று கிடைக்காவிட்டால் மூன்றாவது முறை குத்தாதீர்கள், வேறு ஆளைக் கூப்பிடுங்கள். உங்கள் திறமையைச் சோதித்துப் பார்க்கும் இடம் குழந்தையின் கை இல்லை. அம்மாவை வெளியே போகச் சொல்வதும் எனக்குப் பிடிக்காது. பார்க்க முடியும் என்று சொல்கிற அம்மா தலைமாட்டில் நின்று பேசிக்கொண்டே இருக்கட்டும், குழந்தை அந்தக் குரலைப் பிடித்துக்கொள்ளும்.

லேபர் ரூம் என்றால் ஏன் எல்லோரும் பயப்படுகிறார்கள்?

அங்கே இருப்பது ஒரே ஒரு நிமிடம், அதனால்தான். பிறந்து அழாத குழந்தையைத் துடைத்து, சூட்டில் வைத்து, தலையைச் சரியாகச் சாய்த்து, முதுகைத் தடவி, அப்போதும் மூச்சு விடாவிட்டால் 60 விநாடிக்குள் பை-மாஸ்க் வைத்துக் காற்று கொடுக்கத் தொடங்கியிருக்க வேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை. இது படித்து வருவதில்லை, பொம்மை மேல் செய்துசெய்து கைக்கு வரவேண்டும். பெரும்பாலான குழந்தைகள் மாஸ்க் சரியாகப் பொருந்தி, நெஞ்சு ஏறி இறங்கினாலே தேறிவிடும். முதல் வருட பிஜிக்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: பதற்றத்தில் மாஸ்க் ஓரத்தில் காற்று கசிவதைக் கவனிக்க மாட்டார்கள். கை பையை அழுத்திக்கொண்டே இருக்கும், நெஞ்சு அசையாது. கண் பையில் இருக்கக் கூடாது, நெஞ்சில் இருக்க வேண்டும். டூட்டிக்குப் போனதும் முதல் வேலையாக வார்மர் எரிகிறதா, பை கிழியாமல் இருக்கிறதா, சரியான அளவு மாஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை பிறந்த பிறகு தேடாதீர்கள்.

டூட்டி எத்தனை மணி நேரம்? சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசின் 1992-ம் வருட ரெசிடென்சி திட்டத்தில், வழக்கமாகத் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகள் நியாயமான வேலை நேரம், வார ஓய்வு, வருடத்துக்கு 20 நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று சொல்கின்றன. அமெரிக்காவில் 2003 முதல் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அட்மிஷன் டே காலை எட்டு மணிக்குப் போனவர் மறுநாள் மதியத்துக்கு மேல் திரும்புவது இன்னும் சாதாரணமாக நடக்கிறது. இது தவறு என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். "நாங்களும் அப்படித்தான் படிச்சோம்" என்று சொல்கிற சீனியர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தூங்காத மூளை, மருந்துக் கணக்கில் தசமப் புள்ளி எங்கே விழ வேண்டும் என்பதை மறக்கிறது. மாற்றம் வரும்வரை உங்கள் யூனிட்டுக்குள்ளேயே ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இரண்டு பேர் இருந்தால் இரண்டு மணி நேரமாவது மாறி மாறிப் படுங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு மேல் எழுதுகிற மருந்துக் கணக்கை இன்னொருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

ஓவர் கொடுப்பதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறீர்கள்?

டூட்டி மாறும்போது குழந்தையைப் பற்றிய செய்தி கை மாறுகிறது, அதுதான் ஓவர். அதில் ஒரு வரி விழுந்தால், இரவு முழுவதும் அது விழுந்ததுதான். அமெரிக்காவில் ஒன்பது குழந்தைகள் மருத்துவப் பிரிவுகளில் ஐ-பாஸ் என்ற ஒழுங்கான ஓவர் முறையைப் பழக்கிப் பார்த்தார்கள். 2014-ல் வெளிவந்த அந்த ஆய்வில் மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்திருந்தன. செய்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. யார் மோசமாக இருக்கிறார்கள், கதை என்ன, இனி செய்ய வேண்டியது என்ன, ராத்திரி என்ன நடக்கலாம், நடந்தால் என்ன செய்வது, கடைசியாக வாங்கிக்கொண்டவர் அதைத் திருப்பிச் சொல்வது, அவ்வளவுதான். நம் வார்டுகளில் அந்தத் திருப்பிச் சொல்வதுதான் நடப்பதில்லை. தலையாட்டிவிட்டு நோட்டை வாங்கிக்கொள்கிறோம். "ஸ்டேபிள்" என்ற சொல்லை ஓவரில் தடை செய்ய வேண்டும் என்பது என் கட்சி. காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

சீனியரை எப்போது கூப்பிடுவது? கூப்பிட்டால் திட்டுவார்களே?

நான் முதல் வருடம் இருந்தபோது நடந்தது. ஐப்பசி மழை, டெங்கு, ஒரு கட்டிலில் இரண்டு குழந்தைகள். ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று, நான்கு நாள் காய்ச்சலோடு வந்து, அன்று மதியம்தான் காய்ச்சல் விட்டிருந்தது. "காய்ச்சல் விட்டாச்சு, ஸ்டேபிள்" என்று ஓவர் வாங்கியிருந்தேன். ராத்திரி ஒன்றரை மணிக்கு அந்த அம்மா வந்து, "சார், பாப்பா கை காலெல்லாம் ஜில்லுன்னு இருக்கு" என்றார். "ஃபேன் காத்தும்மா, போர்த்தி விடுங்க" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டிருந்த கேஸ் ஷீட்டுக்குத் திரும்பினேன். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் வந்தார். "சாயங்காலத்துலேருந்து ஒண்ணுக்கே போகல சார். ஒரு மாதிரி படுத்திருக்கா."

அப்போதுதான் எழுந்து போனேன். குழந்தை விழித்துத்தான் இருந்தாள், கேட்டதற்குப் பதிலும் சொன்னாள். ஆனால் நாடி நூல் மாதிரி. விரல் நுனியை அழுத்தி விட்டால் ரத்தம் திரும்ப ஐந்து விநாடி ஆனது. ரத்த அழுத்தம் 90/76. மேல் எண்ணை மட்டும் பார்த்தால் மோசமில்லை, இரண்டுக்கும் இடைவெளி 14-தான். காலையில் 36 இருந்த பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, நீர் கசிந்தால் ஏறும்) இப்போது 47. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும் என்று புத்தகத்தில் நான் கோடு போட்டு வைத்திருந்த வரி அது.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முந்தைய வாரம், இன்னொரு பிஜி ராத்திரியில் கூப்பிட்டதற்காக எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியிருந்தார். "சும்மா கூப்பிட்டேன்னு ஆயிடுமோ" என்ற ஒரே பயம். வார்டு சிஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் போடறேன் டாக்டர்" என்று நம்பரைச் சுழற்றிவிட்டார். சீனியரான அசிஸ்டென்ட் புரொபசர் வந்தார், டிரிப் சரியான வேகத்தில் ஏறியது, மணிக்கொரு முறை பி.சி.வி. பார்த்தோம். விடிகிற நேரத்தில் குழந்தை ஒண்ணுக்குப் போனாள். அந்த அம்மா பெட்பேனை எடுத்து வந்து எங்களிடம் காட்டினார். ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனார்கள்.

அந்த அரை மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அதனால் என்னோடு வேலை பார்க்கும் பிஜிக்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். அதே அம்மா இரண்டாவது முறை வந்து சொன்னால் கூப்பிடுங்கள். சிஸ்டர் "இந்தக் குழந்தை சரியில்லை" என்றால் கூப்பிடுங்கள். இதுவரை கொடுத்தே பழகாத மருந்தை ஏற்றும் முன்னால் கூப்பிடுங்கள். காரணமே சொல்லத் தெரியாமல் மனசு உறுத்தினாலும் கூப்பிடுங்கள். வந்து பார்த்து ஒன்றும் இல்லையென்றால் நான் டீ குடித்துவிட்டுப் போகிறேன். கூப்பிட்டதற்காக ஒரு முறை திட்டினால், அதைக் கேட்ட பத்து பேர் அடுத்த பத்து ராத்திரி கூப்பிட மாட்டார்கள்.

அம்மாக்களிடம், பாட்டிகளிடம் எப்படிப் பேசுவது?

அவர்கள் சொல்லும் வார்த்தையிலேயே பேசுங்கள். "நெஞ்சு உள்வாங்குது", "கக்கிக்கிட்டே இருக்கு", "உச்சிக்குழி பள்ளமா இருக்கு" என்பவை துல்லியமான நோய்க்குறிப்புகள். தொக்கம் எடுத்தீர்களா, சேனை வைத்தீர்களா, வசம்பு, உரைமருந்து கொடுத்தீர்களா என்று சாதாரணக் குரலில் கேளுங்கள். முகம் சுளித்துக் கேட்டால் "இல்ல சார்" என்றுதான் பதில் வரும். தொண்டைக்குள் விரல் விட்டார்களா, மூக்கில் எண்ணெய் ஊற்றினார்களா என்ற உண்மை தெரியாமலே நிமோனியாவுக்கு மருந்து எழுதுவீர்கள். முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூக்கில் எண்ணெய் ஊற்றினால் அது நுரையீரலுக்கு இறங்கும் என்பதை, டிஸ்சார்ஜ் ஆகிற அன்று பாட்டியை உட்காரவைத்துச் சொல்லுங்கள். வீட்டில் முடிவு எடுப்பவர் பல சமயம் அவர்தான்.

ஒரு குழந்தை நம் கையில் இறந்துவிட்டால்?

நடக்கும். முதல் முறை நீங்கள் தனியாகப் போய்ச் சொல்லக்கூடாது, சீனியர் கூட வரவேண்டும். வராந்தாவில் நின்றுகொண்டு சொல்லாதீர்கள். உட்காரவையுங்கள், குழந்தையின் பெயரைச் சொல்லுங்கள், "இறந்துட்டான்மா" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சுற்றி வளைத்தால் அவர்கள் இன்னும் நம்பிக்கையோடு கேட்டுக்கொண்டிருப்பார்கள். பிறகு பேசாமல் கூடவே இருங்கள்.

பச்சைக் குழந்தை வார்டில் யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று உண்டு. குழந்தை போன இரண்டாம் நாள் அந்தத் தாய்க்குப் பால் கட்டும். ஜாக்கெட் நனையும், வலி தாங்காது, யாரிடம் கேட்பது என்று தெரியாது. அனுப்புவதற்கு முன்னால் இதைச் சொல்லி, என்ன செய்வது என்று விளக்கி, மகப்பேறு வார்டு சிஸ்டரிடம் கைகாட்டி விடுங்கள். நீங்களும் அன்று ராத்திரி யாரிடமாவது பேசுங்கள். அழுதால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள், நினைத்தால் நினைக்கட்டும்.

மாவட்ட மருத்துவமனைக்கு மூன்று மாதம் அனுப்புகிறார்களாமே, வீண்தானே?

2020-ல் வந்த விதி அது, மூன்றாவது முதல் ஐந்தாவது செமஸ்டருக்குள் போகவேண்டும். வீண் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி வந்து சேரும் குழந்தை எப்படி இருந்தது என்று மட்டுமே பார்த்திருப்பீர்கள். எப்போது மாற்ற வேண்டும், ஆம்புலன்ஸில் என்ன வைத்து அனுப்ப வேண்டும், வழியில் குழந்தை ஜில்லிட்டுப் போகாமல் எப்படிச் சுற்றுவது என்பதை அங்கேதான் படிப்பீர்கள். "ஏன் இவ்வளவு லேட்டா அனுப்பினாங்க" என்று கோபப்படும் பழக்கமும் அங்கே போய்வந்தால் குறையும்.

தீசிஸ், பரீட்சை?

தீசிஸ் தலைப்பை முதல் ஆறு மாதத்துக்குள் முடிவு செய்யுங்கள். எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக்கு முன்னால் ஒரு குழந்தையையும் சேர்க்காதீர்கள். தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே சமர்ப்பிக்க வேண்டும். உங்கள் வார்டில் நிறைய வருகிற நோயிலேயே எடுங்கள். பரீட்சைக்கு நான்கு தாள், பிறகு கேஸ். தினமும் ஒரு கேஸை ரவுண்ட்ஸில் நீங்களே சொன்னால் தனியாகத் தயாராக வேண்டியதில்லை.

பெற்றோர் கேட்பது: எங்கள் குழந்தையைப் படிக்கிற டாக்டர் பார்க்கலாமா?

பார்க்கலாம். அவர் எம்.பி.பி.எஸ். முடித்துப் பதிவு பெற்ற மருத்துவர், அவருக்கு மேலே பொறுப்பான ஆசிரியர் இருக்கிறார். ராத்திரி உங்கள் குழந்தை பக்கத்தில் அதிக நேரம் இருப்பவரும் அவர்தான். "யூனிட் சீஃப் யார், அவர் எப்போது வந்து பார்ப்பார்?" என்று கேட்பது உங்கள் உரிமை. குழந்தையின் நடத்தை வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள். கேட்காவிட்டால் மறுபடியும் சொல்லுங்கள், சிஸ்டரிடமும் சொல்லுங்கள்.

முதல் நாள் என்ன எடுத்துக்கொண்டு போவது?

விநாடி முள் ஓடும் கைக்கடிகாரம், குழந்தைகளுக்கான சின்ன ஸ்டெத், டார்ச், தலைச் சுற்றளவு பார்க்க இன்ச் டேப், கால்குலேட்டர், பையில் பிஸ்கட் பாக்கெட், காலுக்கு வசதியான செருப்பு. முடிந்தால் கிலுகிலுப்பை ஒன்று, கழுவக்கூடியதாக. வார்டுக்குள் நுழைந்ததும் சிஸ்டரிடம் உங்கள் பெயரைச் சொல்லி, அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று இரவுக்கு உங்களுக்கு மேலே யார் என்று கேட்டு, அவர் நம்பரைப் போனில் பதிந்து, ஒரு மிஸ்டு கால் கொடுத்து, எடுக்கிறதா என்று பகலிலேயே பார்த்துவிடுங்கள்.